நாற்பது ஆண்டுப் பதிவேடுகளின்படி எங்கள் ஒன்றியத்தில் குறைந்தது தொழுநோயா, அதைத் தேடும் வேலையா?

ஆய்வு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரப் படிப்பின் களப்பணிக்காகச் செங்கல்பட்டு மாவட்டத்தில், பொலம்பாக்கத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஓர் ஒன்றியத்தில் இருக்கிறேன். அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் இரும்பு அலமாரி ஒன்றில் 1980களின் தொடக்கத்திலிருந்து இன்று வரையிலான தொழுநோய்ப் பதிவேடுகள் இருக்கின்றன. பழையவற்றின் ஓரங்களைக் கரையான் அரித்திருக்கிறது. ஆனாலும் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தேமல்களின் எண்ணிக்கை, அவை உடலில் எந்தெந்த இடத்தில் இருந்தன என்பதைக் காட்டும் சிறிய உடல் வரைபடம் என எல்லாவற்றையும் நீல மையில் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 அன்று பதிவேட்டில் இருந்தவர்களின் எண்ணிக்கையை எடுத்து ஒரு வரைபடம் வரைந்தேன்.

அதைப் பார்த்ததும் எனக்குக் குழப்பமே மிஞ்சியது. எண்பதுகளின் நடுவில் உச்சத்தில் இருக்கும் கோடு சில ஆண்டுகளுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. 1998 வாக்கில் சிறிதாக எழுகிறது. 2002க்கும் 2005க்கும் இடையில் மீண்டும் சரிந்து, அதன்பிறகு ஏறத்தாழ தரையோடு தரையாகப் போகிறது. 2020இல் ஒருவர்கூட இல்லை. ஆனால் சென்ற ஆண்டு ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. நோய் இல்லாத ஊரில் குழந்தைக்கு எப்படி வந்தது? இந்தக் கோடு நோயின் போக்கைத்தான் காட்டுகிறதா? பழைய பதிவேடுகளின் குறிப்புப் பத்தியில் பலருடைய பெயருக்கு எதிரே ‘ஆர்.எப்.சி.’, ‘ஆர்.எப்.டி.’ என்று எழுதியிருப்பதன் பொருளையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


சைக்கிள் ஆய்வாளர்:

வணக்கம் அம்மா. நான் 1979இல் தொழுநோய்ப் பிரிவில் களப்பணியாளராகச் சேர்ந்து, பணி முழுவதையும் வட தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே கழித்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பார்த்த நீல மை எழுத்துகளில் சில என்னைப் போன்றவர்களுடையவையாக இருக்கலாம் என்பதால், படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த எழுத்துகளின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ‘ஆர்.எப்.டி.’ என்றால் சிகிச்சை முடிந்து மருந்திலிருந்து விடுவிக்கப்பட்டவர். ‘ஆர்.எப்.சி.’ என்றால் கண்காணிப்பிலிருந்தே விடுவிக்கப்பட்டவர். இவ்விரண்டு குறிப்புகளும் எந்த ஆண்டு முதல் திரளாக வருகின்றன என்று பாருங்கள். உங்கள் கோட்டின் முதல் சரிவு அங்கேதான் இருக்கும்.

நான் சேர்ந்தபோது எங்கள் கையில் இருந்த மருந்து டாப்சோன் ஒன்றுதான். கிருமி அதிகமாக உள்ள வகை நோயாளர் அதை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்றும், கிருமி குறைந்த வகையினர் நோய் அடங்கிய பிறகும் சில ஆண்டுகள் தொடர வேண்டும் என்றும் விதி இருந்தது. ஆகவே பதிவேட்டில் பெயர் ஏறுமே தவிர எளிதில் இறங்காது. இறந்துபோனவர், பெங்களூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர், பத்து ஆண்டுகளுக்கு முன்பே குணமானவர் என எல்லோருடைய பெயரும் அதில் கிடக்கும். 1983இல் தேசியத் திட்டம் ‘ஒழிப்புத் திட்டம்’ என்று பெயர் மாறி, ரிபாம்பிசின், குளோபாசிமின், டாப்சோன் சேர்ந்த கூட்டு மருந்துச் சிகிச்சை மாவட்டம் மாவட்டமாக வந்தபோது, மருந்து கொடுக்கத் தொடங்குவதற்கு முன் பதிவேட்டிலுள்ள ஒவ்வொருவரையும் வரவழைத்துப் பரிசோதித்தோம். நோய் அடங்கியவர்களை விடுவித்தோம். இறந்தவர், ஊரைவிட்டுப் போனவர் பெயர்களை நீக்கினோம். புதிய மருந்து ஒரு மாத்திரைகூட வாயில் போவதற்கு முன்பே பதிவேட்டின் பெரும்பகுதி குறைந்துவிட்டது. அது தவறு அல்ல, செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அந்தச் சரிவை நோயின் சரிவு என்று எழுதிவிடாதீர்கள்.

தேடிய முறையையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 25,000 பேருக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கில் ஊர் ஊராகப் போவோம். நீங்கள் குறிப்பிட்ட பொலம்பாக்கத்தில்தான் 1955இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மருத்துவர் பிரான்ஸ் ஹெமெரிக்ஸும் மருத்துவர் கிளேர் வெல்லூட்டும், நோயாளர்களைக் காப்பகத்தில் அடைக்காமல், சாலையோர மரத்தடிக்கே போய் மருந்து கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அந்த வழியில் பயிற்சி பெற்றவர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெளிச்சத்தில் நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்போம். வெளிறிய தேமல் இருந்தால், பேனா முனையால் லேசாகத் தொட்டு, எங்கே தொட்டேன் என்று ஒரு விரலால் காட்டச் சொல்வோம். முதல் முறை கண் திறந்திருக்கும்போது செய்து காட்டிவிட்டு, பிறகு கண்ணை மூடச் சொல்வோம். நல்ல தோலில் தொட்டால் சட்டென்று விரல் வரும்; தேமலின் நடுவில் தொட்டால் அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் தொடவில்லை என்று எண்ணி அப்படியே காத்துக்கொண்டு நிற்கும். அந்தக் காத்திருப்பைப் பார்த்தவர்களுக்கு வேறு சான்று தேவையில்லை.

அப்படி நாங்கள் போய்த் தேடிக்கொண்டிருந்தவரை நோயாளர் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1997இல் தொழுநோய்ப் பணி பொதுச் சுகாதாரத் துறையோடு இணைக்கப்பட்டது. அதன்பின் இந்த ஒரு நோயை மட்டும் தேடிக்கொண்டு தெருவுக்குள் வரும் ஆள் படிப்படியாக இல்லாமல் போனார். 1998இல் கோடு சற்று எழுந்தது என்கிறீர்களே, அது தீவிரக் கண்டறியும் முகாம்கள் நடந்த காலம். முகாம் நடந்தால் கோடு எழும், முடிந்தால் இறங்கும்.


சமூக மருத்துவம்:

மூத்தவர் சொன்னதோடு எண்களைக் கொண்டு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பிக்கிறேன். இந்தக் குழப்பம் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் வருவதுதான்.

நீங்கள் மார்ச் 31 அன்று பதிவேட்டில் இருந்தவர்களை எடுத்திருக்கிறீர்கள். அது அன்றைய தினம் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே. ஆண்டுக்குப் புதிதாக எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதையும், ஒருவர் எவ்வளவு காலம் பதிவேட்டில் இருக்கிறார் என்பதையும் பெருக்கினால்தான் அந்த எண் கிடைக்கும். ஆண்டுக்குப் பத்துப் பேர் புதிதாக வரும் ஓர் ஊரில், ஒவ்வொருவரும் பத்து ஆண்டுகள் மருந்து சாப்பிட்டால் பதிவேட்டில் நூறு பேர் இருப்பார்கள்; ஓராண்டு சாப்பிட்டால் பத்துப் பேர்; ஆறு மாதம் என்றால் ஐந்து பேர். நோய் பரவுவதில் எந்த மாற்றமும் இல்லாமலேயே நூறு ஐந்தாகிவிடுகிறது. கிருமி அதிகமுள்ள வகைக்கு 24 மாதமாக இருந்த சிகிச்சை, தொண்ணூறுகளின் இறுதியில் 12 மாதமாகக் குறைக்கப்பட்டதும் இதோடு சேர்கிறது. ஏப்ரலில் கண்டறியப்பட்டு அக்டோபரில் ஆறு மாத மருந்தை முடித்த ஒருவர் எந்த மார்ச் 31 கணக்கிலும் வரவே மாட்டார்.

1991இல் உலக சுகாதாரப் பேரவை 2000ஆம் ஆண்டுக்குள் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை வைத்தது இந்த மார்ச் 31 வகை எண்ணின் மீதுதான். இந்தியாவில் 1983இல் பத்தாயிரம் பேருக்கு 57.8 ஆக இருந்த அந்த எண், 2005 டிசம்பரில் 0.95 ஆனது, இலக்கு எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 30,000 மக்களைக் கொண்ட ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த எல்லை வெறும் மூன்று பேர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மூன்றாவது ஆள் வந்தாலே இலக்கு தவறும் என்ற நிலை ஊழியர்களை எப்படி நடத்தியிருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது உங்கள் 2002–2005 சரிவுக்கு வருவோம். நாடு முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 2001இல் ஏறத்தாழ 6.18 லட்சம், 2003இல் 3.67 லட்சம், 2005இல் 1.61 லட்சம். தொழுநோயில் கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளும், சிலருக்கு இருபது ஆண்டுகள் வரையும் ஆகும். 2005இல் தேமலோடு வந்திருக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் 2001க்கு முன்பே தொற்றைப் பெற்றுவிட்டவர்கள். எனவே நான்கு ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்காகக் குறையும் ஆற்றல் இந்த நோயின் இயற்கையிலேயே இல்லை. வீடு வீடாகத் தேடுவது நிறுத்தப்பட்டது, நோயாளர் பட்டியல்கள் மறுபரிசோதனை செய்யப்பட்டன, ஒற்றைத் தேமலைப் பதிவு செய்வதில் கடுமை வந்தது. அந்தச் சரிவில் பெரும்பகுதி இவற்றால் ஆனது. பிறகு 2006 முதல் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு 1.25 முதல் 1.4 லட்சம் என்ற அளவிலேயே அந்த எண் நின்றுவிட்டது. உண்மையிலேயே நோய் அந்த வேகத்தில் சரிந்திருந்தால் இப்படி நின்றிருக்காது. உங்கள் 2020ஆம் ஆண்டுச் சுழியமும் இதே வகை. அந்த ஆண்டு உலக அளவில் புதிய நோயாளர் 2,02,185இலிருந்து 1,27,558 ஆகக் குறைந்தது பெருந்தொற்றால் மருத்துவமனைக்குப் போகவும் தேடவும் முடியாததால்தான்.

அப்படியானால் நோய் குறையவே இல்லையா என்று கேட்பீர்கள். என் கருத்தில், குறைந்திருக்கிறது, உறுதியாகக் குறைந்திருக்கிறது. கூட்டு மருந்து வருவதற்கு முன்பே, டாப்சோன் காலத்திலேயே, பொலம்பாக்கம், குடியாத்தம் போன்ற நெடுங்காலம் கவனிக்கப்பட்ட பகுதிகளில் புதிய நோயாளர் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் அந்த இறக்கம் மெதுவானது, ஆண்டுக்குச் சில விழுக்காடு என்ற வேகத்தில் நடப்பது. அதன்மேல் நிர்வாகம் ஏற்படுத்திய படிகள் ஏறி நிற்பதால் உண்மையான சரிவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதைப் பிரித்துப் பார்க்க உங்கள் பதிவேடே போதும். முதலில் மார்ச் 31 எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களை எடுங்கள். (இது ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று கணக்கிடப்படுவது, மற்றது பத்தாயிரத்துக்கு. இரண்டையும் ஒரே அச்சில் வரைந்த ஆய்வேடுகளைத் திருத்தித் திருத்திச் சலித்துவிட்டேன்.) அவர்களில் 15 வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். குழந்தைக்கு நோய் வந்திருக்கிறது என்றால் தொற்று அண்மைக் காலத்தில் நடந்திருக்கிறது. ஆகவே பரவல் இன்னும் தொடர்கிறதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பள்ளி ஆய்வு நடந்த ஆண்டுகளில் அது செயற்கையாக உயரும் என்பதால், அந்த ஆண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, கண்டறியும்போதே விரல் மடங்கியோ, பாதம் தொங்கியோ, கண் மூட முடியாமலோ இருந்தவர்கள், அதாவது இரண்டாம் நிலை ஊனத்தோடு வந்தவர்கள். இவர்கள் கூடினால் நாம் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம் என்று பொருள். அதை நோயாளரில் எத்தனை விழுக்காடு என்று மட்டும் பார்க்காமல், மக்கள்தொகையில் எத்தனை பேர் என்றும் பாருங்கள்; எளிய தேமல்காரர்கள் பதிவாகாமல் போனால் விழுக்காடு தானாகவே ஏறிவிடும்.

மூன்றாவதாக, நோய் கண்டவர்களின் வயது. நார்வே 1856இலேயே தொழுநோயாளர்களுக்கென ஒரு தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. ஹான்சன் 1873இல் கிருமியைக் கண்டறிந்ததும் அந்நாட்டின் பெர்கன் நகரில்தான். அந்த மேற்குக் கடற்கரைக் கிராமங்களில் மருந்தே இல்லாத காலத்தில் நோய் மறைந்துகொண்டு வந்தபோது, நோய் தொடங்கும் சராசரி வயது ஏறிக்கொண்டே போனது. புதிய தொற்று குறைந்து, பழைய தொற்றுகள் மட்டும் முதிர்ந்து வெளிப்பட்டன. உங்கள் பதிவேட்டிலும் வயது ஏறியிருந்தால், தேடும் வேலை குறைந்தது என்ற ஒரு காரணம் மட்டும் அதற்குப் போதாது.

கடைசியாக ஒன்று. சிறிய எண்களில் மயங்காதீர்கள். சராசரி மூன்று பேர் என்றால், எதுவுமே மாறாமல் ஓராண்டு ஒருவரும் மறு ஆண்டு ஆறு பேரும் வருவது இயல்பு. ஐந்தைந்து ஆண்டுகளைச் சேர்த்து வரையுங்கள்.


கிழக்குத் தெரு:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல, பள்ளி ஆசிரியை. ஆனால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

என் அம்மாவுக்கு முதுகில், இரவிக்கைக்குள் மறையும் இடத்தில், தேமல் இருந்தது. எட்டு ஆண்டுகள் எங்களுக்கே தெரியாது. எங்கள் தெருவுக்கு முகாம் வந்தபோது வந்தவர்கள் இருவருமே ஆண்கள். திண்ணையில் உட்கார்ந்து, வீட்டில் யாருக்காவது தேமல் இருக்கிறதா என்று கேட்டார்கள். அம்மா இல்லை என்றார். கதவில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு ஒருநாள் அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினார். சுண்டு விரல் பக்கம் கொப்பளித்திருந்தும் அவருக்கு வலிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மருந்து சாப்பிட்டுக் குணமடைந்தார், ஆனால் இரண்டு விரல்கள் மடங்கியது நிமிரவில்லை. உங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு வரி இருந்தால், நோய் தொடங்கிய ஆண்டு அதில் இருக்காது. எங்கள் வீட்டில் அது வெளிப்பட்ட ஆண்டுதான் இருக்கும்.

அம்மா ஏன் மறைத்தார் என்று நான் கோபப்பட்டதுண்டு. தங்கையின் திருமணம் நின்றுவிடும் என்பது ஒரு காரணம். ‘பெருவியாதிக்காரி’ என்று தள்ளி வைக்கப்பட்ட ஒரு சின்னம்மாவைச் சிறு வயதில் பார்த்திருக்கிறார் என்பது இன்னொன்று. கணவருக்கோ மனைவிக்கோ இந்த நோய் இருப்பது மணமுறிவுக்குக் காரணம் என்று 2019 வரை சட்டமே சொல்லிக்கொண்டிருந்தது. ஆய்வேட்டில் பெண் நோயாளர்கள் குறைவு என்று எழுதுவதற்கு முன், பரிசோதித்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்றும் ஒரு வரி சேருங்கள் அம்மா.


சைக்கிள் ஆய்வாளர்:

ஆசிரியை அவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. நாங்கள் பெண்களின் முதுகைப் பார்த்ததே இல்லை. முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் பார்த்துவிட்டு ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று எழுதினோம். பெண் பணியாளர்கள் போன இடங்களில் பெண் நோயாளர் கூடுதலாகக் கிடைத்ததை நானே கண்டிருக்கிறேன்.

மாணவிக்கு இன்னொன்று. அந்த ஒன்பது வயதுக் குழந்தையை ஓர் எண்ணாக மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு குழந்தைக்கு நோய் வந்தால், நெடுநாள் நெருங்கிப் பழகிய, மருந்து சாப்பிடாத ஒரு பெரியவர் எங்கோ இருக்கிறார். தேமலைத் தேடாதீர்கள், கிருமி நிறைந்த வகையில் தேமல் தெளிவாக இருக்காது, தொடக்கத்தில் உணர்ச்சியும் குறையாது. முகம் எண்ணெய் பூசியது போல மினுமினுப்பாக இருக்கிறதா, காது மடல் தடித்துத் தொங்குகிறதா, புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முழங்கையின் பின்புறம் விரல் வைத்து நரம்பைத் தடவினால் கயிறு போல உருளும். வீட்டாரோடு நிறுத்தாமல் அண்டை வீடுகளையும் பாருங்கள். நோயில்லாத நெருங்கியவர்களுக்கு ஒரே ஒரு வேளை மட்டும் ரிபாம்பிசின் கொடுக்கும் முறை இப்போது நம் திட்டத்தில் இருக்கிறது. வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில் அது முதல் இரண்டு ஆண்டுகளில் புதிய நோயை 57 விழுக்காடு குறைத்தது. மருத்துவ அலுவலரிடம் நினைவூட்டுங்கள்.


ஆய்வு மாணவி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் என் நன்றி.

புதிய நோயாளரை மட்டும் எடுத்து, ஐந்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்து வரைந்தேன். செங்குத்தான பாறைகள் போய், ஒரு நீண்ட சரிவு தெரிகிறது. நோய் கண்டவர்களின் வயதும் ஏறியிருக்கிறது. பள்ளி ஆய்வு நடந்த ஆண்டுகளை ஒதுக்கினாலும் குழந்தைகள் குறைந்திருக்கிறார்கள், ஆனால் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. நோய் உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்று இப்போது தயக்கமின்றி எழுத முடிகிறது.

அந்தக் குழந்தையின் தெருவுக்குக் கிராமச் சுகாதாரச் செவிலியர் அக்காவோடு போனேன். இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு பெரியவர், குழந்தை தினமும் மாலையில் அவர் வீட்டில்தான் தொலைக்காட்சி பார்க்குமாம். காது மடல்கள் தடித்திருந்தன. விரலிடுக்கில் பீடி சுட்ட தழும்புகள் நிறைய இருந்தன. சுட்டது எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. தோல் கீறிப் பரிசோதனை செய்ததில் கிருமி இருப்பது உறுதியாகி, மருந்து தொடங்கிவிட்டார்கள். குழந்தையின் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ரிபாம்பிசின் கொடுக்கப்பட்டது.

அவர் பேசும்போது, சின்ன வயதில் வெள்ளை மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்னார். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தேன். 1984ஆம் ஆண்டுப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. வயது 19, தேமல்கள் பல, டாப்சோன் ஒழுங்கின்றி எடுத்தவர். குறிப்புப் பத்தியில் ‘ஊரைவிட்டுச் சென்றவர், பெயர் நீக்கப்பட்டது’ என்று இருக்கிறது. சென்னையில் கட்டட வேலைக்குப் போய், சில ஆண்டுகளுக்கு முன்தான் ஊருக்குத் திரும்பியிருக்கிறார்.

முன்பே மருந்து எடுத்தவர் என்பதால் விதிப்படி அவரைப் புதிய நோயாளராகப் பதிய முடியாது, ‘பிற நோயாளர்’ பத்தியில்தான் எழுத வேண்டும் என்று அக்கா சொன்னார்கள். ஆகவே நான் வரைந்த புதிய கோட்டில் குழந்தை இருக்கிறது, அவர் இல்லை. ஆய்வேட்டில் ‘பிற நோயாளர்’ பத்தியையும் 1984 வரை பின்னோக்கி எடுத்து, தனிக் கோடாக வரையப் போகிறேன்.